டெல்டாவில் ஜி.எஸ்.டி.யும் சுங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வரிக் கணக்கு பார்க்கிற தொழில் எனக்கு. மில்காரர், பட்டுக்கடைக்காரர், சிலை செய்பவர், சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் மாப்பிள்ளை என்று வருகிறவர்கள் வேறு வேறு. கேட்கிற சந்தேகம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்ந்த அதிகாரிகள் சிலரும் இதே கேள்விகளைக் கேட்டதுண்டு. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வரி விகிதங்கள் எல்லாம் 2025 செப்டம்பர் 22-இல் நடந்த மாற்றத்துக்குப் பிறகானவை.

நான் நெல் விவசாயி. வருஷத்துக்கு நல்ல தொகைக்கு நெல் போடுறேன். ஜி.எஸ்.டி. நம்பர் எடுக்கணுமா?

வேண்டாம். எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் வேண்டாம். தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி பதிவு செய்ய வேண்டியதில்லை என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. நீங்களே இறங்கி உழைத்தாலும் சரி, குடும்பத்தார் உழைத்தாலும் சரி, கூலிக்கு ஆள் வைத்து மேற்பார்வை பார்த்தாலும் சரி, சட்டத்தின் கண்ணில் நீங்கள் விவசாயிதான்.

கொள்முதல் நிலையத்தில் போடும் நெல்லுக்கும் ஜி.எஸ்.டி. பிடிக்க மாட்டார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரி கட்டும் சந்தைக் கட்டணம் மாநிலத்தின் வேறொரு சட்டப்படி வசூலாவது. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அது தனி ஆளுக்கு. எங்களது உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. எங்களுக்கும் அதேதானே?

இல்லை. சட்டத்தில் விவசாயி என்றால் தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம் மட்டுமே. கம்பெனி அதில் வராது. ஆனால் உங்கள் கம்பெனி நெல் மட்டும் வாங்கி விற்றால் வேறு வழியில் தப்பிக்கலாம். வரியே இல்லாத பொருளை மட்டும் விற்கிறவர் யாராக இருந்தாலும் பதிவு தேவையில்லை. அதுவும் அதே 23-ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

உறுப்பினர்களுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று கம்பெனியில் உர மூட்டை விற்க ஆரம்பித்தால் கதை மாறிவிடும். உரத்துக்கு 5 சதவீத வரி உண்டு. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது கீழே மில்காரர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. உங்கள் நிலைமையும் அதேதான்.

அறுவடை மெஷின் வச்சிருக்கேன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுறேன். பில்லில் வரி போடணுமா?

போட வேண்டாம். நடவு, அறுவடை, கதிரடிப்பு, பூச்சிமருந்து அடிப்பது, வயல் வேலைக்கு ஆள் அனுப்புவது, விவசாய இயந்திரங்களை வாடகைக்கு விடுவது ஆகிய சேவைகளுக்கு முழு வரிவிலக்கு உண்டு. நெல்லை ஏற்றி இறக்குவதும் கிடங்கில் வைத்திருப்பதும்கூட அந்த விலக்கில் அடக்கம்.

மெஷின் வாங்கும்போது வரி உண்டு. டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் 12 சதவீதமாக இருந்தது 5 ஆகியிருக்கிறது. டிராக்டர் டயர், உதிரி பாகங்கள் 18-லிருந்து 5-க்கு வந்தன. ஆனால் வாடகைக்கு வரி விலக்கு என்பதால், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அது செலவுக் கணக்கில்தான் சேரும்.

கடையில் அரிசி ஏன் 26 கிலோ மூட்டையா வருது?

2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. இந்த வரி ஒரு மூட்டை 25 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் எடை போனால் வரி இல்லை. கோடு 25-இல் போட்டார்கள், மூட்டை 26-க்குப் போனது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. மூட்டையில் மில் பெயர், படம் எல்லாம் அச்சடித்திருந்தாலும் 26 கிலோவுக்கு வரி கிடையாது.

மளிகைக்கடைக்காரர் அந்த மூட்டையைப் பிரித்து, கேட்கிற அளவுக்கு நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் 10 கிலோ பைகள் மூன்றைப் பெரிய சாக்கில் போட்டுத் தைத்து 30 கிலோ என்று சொல்வது எடுபடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பையும் சில்லறை விற்பனைக்கான பொட்டலம்தான், வரி உண்டு. வெல்லத்துக்கும் இதே முறை. உருண்டையாகவோ அச்சாகவோ சில்லறையில் நிறுத்து விற்றால் வரி இல்லை, லேபிள் ஒட்டிய பொட்டலத்துக்கு 5 சதவீதம்.

வியாபாரிக்கு எவ்வளவு வரைக்கும் நம்பர் தேவையில்லை? ஒருத்தர் 20 லட்சம்ங்கிறார், ஒருத்தர் 40 லட்சம்ங்கிறார்.

ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவருக்கு 40 லட்சம். சேவை செய்கிறவருக்கும், பொருளோடு சேவையும் சேர்த்துச் செய்கிறவருக்கும் 20 லட்சம்.

டெல்டாவில் மட்டும் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. 40 லட்ச வரம்பை ஏற்காத சில மாநிலங்களின் பட்டியலில் புதுச்சேரியும் உண்டு. அதனால் காரைக்காலில் கடை வைத்திருப்பவர் பொருள் மட்டும் விற்றாலும் அவருக்கு 20 லட்சம்தான் வரம்பு. நாகூரில் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு நம்பர் தேவைப்படாமல், வாஞ்சூர் எல்லை தாண்டிக் கடை வைத்த தம்பிக்குத் தேவைப்படலாம்.

எங்க மில்லில் விக்கிறது எல்லாம் வரியில்லாத அரிசி. தவிடு மட்டும் கொஞ்சம் எண்ணெய் ஆலைக்குப் போகும். அதுக்காக நம்பர் எடுக்கச் சொல்றாங்களே?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சொன்ன பதிலை நம்பாமல் இன்னொருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வருவதும் இதற்குத்தான்.

உமிக்கு வரி இல்லை, வைக்கோலுக்கும் இல்லை. எண்ணெய் ஆலைக்குப் போகும் தவிட்டுக்கு 5 சதவீதம் உண்டு. அதனால் நீங்கள் வரியில்லாத பொருளை மட்டும் விற்கிறவர் இல்லை. 23-ஆம் பிரிவு கொடுத்த விலக்கு அங்கேயே போய்விடுகிறது. சரி, தவிடு விற்பனை 3 லட்சம்தானே, வரம்பு 40 லட்சமாச்சே என்று அடுத்த கேள்வி வரும். வரம்பைக் கணக்கிடும்போது மொத்த விற்றுமுதலைப் பார்ப்பார்கள். வரியில்லாத அரிசி விற்பனையும் அதில் சேரும். அரிசி 2 கோடி, தவிடு 3 லட்சம் என்றால் விற்றுமுதல் 2 கோடியே 3 லட்சம். பதிவு கட்டாயம்.

பயப்படுகிற அளவுக்கு வரி வராது. நீங்கள் கட்ட வேண்டியது அந்த 3 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். கவனிக்க வேண்டியது வேறொன்று. மில்லுக்கு வாங்கிய சாமான்களில் கொடுத்த வரியை முழுசாக வரவு எடுக்க, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது. அரிசிக்கும் தவிட்டுக்கும் பொதுவான செலவு என்றால், வரி கட்டும் விற்பனையின் விகிதத்துக்குத்தான் வரவு கிடைக்கும். மேலே சொன்ன கணக்கில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் அளவுதான். முழு வரவையும் எடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுகிற மில்கள் உண்டு.

நாங்க அரிசி விக்கிறதே இல்லை. கூலிக்கு அரைச்சுக் கொடுக்கிறதோட சரி. நெல்லுக்கு வரி இல்லாதப்போ அரவைக் கூலிக்கு எப்படி வரி?

விவசாயம் தொடர்பான சேவைக்கு விலக்கு என்று மேலே சொன்னது அறுவடையோடும், சந்தைக்குக் கொண்டுபோகும் அளவுக்குச் சுத்தம் செய்வதோடும் முடிந்துவிடுகிறது. நெல்லை அரிசியாக்குவது அதைத் தாண்டிய வேலை. 2017 நவம்பர் 20-இல் வந்த மத்திய சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரவைக் கூலிக்கு 5 சதவீதம்.

வரி கூலிக்கு மட்டும்தான், அரைத்த நெல்லின் மதிப்புக்கு இல்லை. கூடவே இன்னொன்று: அரவை என்பது சேவை. கூலி அரவை செய்கிற மில்லுக்கு 40 லட்ச வரம்பு கிடையாது, 20 லட்சம்தான். அரிசியும் விற்றுக் கூலிக்கும் அரைத்தால் ரெண்டையும் கூட்டி 20 லட்சத்தோடு ஒப்பிட வேண்டும்.

மில் கட்டடம் வாடகைக்கு எடுத்தது. ஓனருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை. அப்போ வாடகைக்கு வரி இல்லைதானே?

2024 அக்டோபர் 9 வரைக்கும் இல்லை. 10-ஆம் தேதியிலிருந்து, நம்பர் இல்லாதவரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவு பெற்ற வியாபாரி, வாடகைக்கு உண்டான 18 சதவீதத்தை ஆர்.சி.எம். முறையில் (கொடுப்பவருக்குப் பதில் வாங்குகிறவர் வரி கட்டும் முறை) தானே அரசுக்குக் கட்ட வேண்டும். வரி கட்டும் வியாபாரமாக இருந்தால் அதை வரவு எடுத்துக்கொள்ளலாம். அரிசி மில்லுக்கு அந்த வரவு பெரும்பாலும் கிடைக்காது, காரணம் மேலே சொன்னதுதான். ஆகவே மாத வாடகை 50,000 என்றால் கையிலிருந்து 9,000 போகிறது. வாடகை ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசிவிடுவது நல்லது.

காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இந்தச் சுமை நீக்கப்பட்டுவிட்டது.

நெல் அறுத்ததும் பருத்தி போடுறோம். வியாபாரி "வரி நான்தான் கட்டணும்"னு சொல்லி விலையைக் குறைக்கிறார். உண்மையா?

பாதி உண்மை. விவசாயி விற்கும் பஞ்சுக்கு வரி 5 சதவீதம். ஆனால் அதை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும், அவர் பதிவு பெற்றவராக இருந்தால். 2017 நவம்பர் 15 முதல் இப்படித்தான். பதிவு பெறாத சின்ன வியாபாரி வாங்கினால் இந்த வரி எழாது.

உண்மை இல்லாத மறுபாதி என்னவென்றால், அவர் கட்டும் 5 சதவீதத்தை மில்லுக்கு விற்கும்போது வரவாக எடுத்துக்கொள்வார். அவருக்குக் கொஞ்ச நாள் பணம் முடங்குமே தவிர நஷ்டம் இல்லை. அதைக் காரணம் காட்டி விலையில் 5 சதவீதம் குறைத்தால், அது பேரத்துக்குச் சொல்கிற காரணம்.

காம்போசிஷன் எடுத்தா நிம்மதின்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம். கடைக்காரருக்கும் உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது, கைக்காசைக் கட்ட வேண்டும். வாங்கியதில் கொடுத்த வரியும் வரவாகாது. மெஸ் நடத்திக்கொண்டு பில்லில் தனியாக 5 சதவீதம் போடுகிற காம்போசிஷன்காரர் இருந்தால் அவர் செய்வது தவறு.

சில்லறை வியாபாரம் மட்டும் என்றால் எடுக்கலாம். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை இருக்கிறது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு அடுத்த கேள்வியைப் படித்தால் புரியும்.

நாகூரிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம். அது எப்படி சார் வெளிமாநிலம் ஆகும்?

தூரத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் இருக்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி.யில் புதுச்சேரி தனி மாநிலமாகத்தான் கணக்கு. நாகூரிலிருந்து திருநள்ளாற்றுக் கடைக்கு ஒரு லோடு டைல்ஸ் அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை, பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான வரி) போட வேண்டும். காம்போசிஷனில் இருப்பவர் இந்த விற்பனையைச் செய்யவே கூடாது. இன்னும் பெரிய சிக்கல், வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்கிறவர் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். 40 லட்ச வரம்பெல்லாம் அவருக்கு உதவாது. காரைக்காலிலிருந்து வாங்குவதற்குத் தடையில்லை, அங்கே விற்பதற்குத்தான்.

காரைக்கால்காரர் நேரா கடைக்கு வந்து ஃபேன் வாங்கிட்டுப் போறார். அதுக்கும் ஐ.ஜி.எஸ்.டி.யா?

2023 அக்டோபர் 1 முதல் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையென்றால், பில்லில் எழுதியிருக்கும் முகவரியே விற்பனை நடந்த மாநிலத்தைத் தீர்மானிக்கும். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்வார்கள். ஆகவே கல்லாவில் காசு கொடுத்து வாங்கிப் போகிறவருக்கு முகவரி இல்லாத பில் போட்டால் வழக்கம்போல் மாநிலத்துக்குள் விற்பதற்கான மத்திய, மாநில வரிகளான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. "வாரன்டிக்கு வேணும், காரைக்கால் விலாசம் போடுங்க" என்று அவர் கேட்டு நீங்கள் எழுதினால் ஐ.ஜி.எஸ்.டி. காம்போசிஷன் கடைக்காரர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்குகிறவர் நம்பர் வைத்திருக்கும் வியாபாரி என்றால் இந்த விதி பொருந்தாது. சரக்கு காரைக்காலுக்குப் போய்ச் சேர்கிறது என்றால் ஐ.ஜி.எஸ்.டி.தான்.

தெரியாம இத்தனை நாளா காரைக்கால் பில்லுக்கெல்லாம் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. கட்டிட்டேன். ரெண்டு தடவை வரியா?

இப்போதைக்கு ரெண்டு தடவை, பிறகு ஒரு தடவை. சரியான வரியான ஐ.ஜி.எஸ்.டி.யை முதலில் கட்ட வேண்டும். தவறாகக் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்கலாம். சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தின் 77-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தாமதத்துக்கு வட்டியும் கேட்கக் கூடாது. வட்டி போட்டு நோட்டீஸ் வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 19-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

இ-வே பில் எப்போ போடணும்?

இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் என்றால் சரக்கின் மதிப்பு 1 லட்சம் தாண்டும்போது. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் 50,000 தாண்டும்போது. வரியில்லாத நெல், 26 கிலோ அரிசி மூட்டை, வைக்கோலுக்கு வேண்டாம். தவிட்டுக்கு வேண்டும். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் பில் செல்லும்.

நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் கடற்கரைச் சாலையில் போகிற லாரி காரைக்காலைக் கடந்துதான் போகும். புறப்படுவதும் சேர்வதும் தமிழ்நாடு என்பதால் வரி சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.தான். ஆனாலும் சரக்கு 50,000 தாண்டினால் இ-வே பில் போட்டுக் கையில் வைத்திருங்கள் என்றுதான் நான் சொல்வேன். வழியில் நிறுத்துகிற அதிகாரிக்கு உங்கள் லாரி எங்கே போய்ச் சேரும் என்று பார்த்தவுடன் தெரியாது.

இ-வே பில்லில் வண்டி நம்பர் ஒரு எழுத்து மாறிடுச்சு. வண்டியைப் பிடிச்சு வச்சு 200 சதவீத அபராதம்ங்கிறாங்க. நியாயமா?

இந்தக் கேள்வியை லாரிக்காரர்களும் கேட்டார்கள், சோதனைப் பணியில் புதிதாக இறங்கிய ஓர் அதிகாரியும் கேட்டார். பதில் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். 129-ஆம் பிரிவில் சரக்கு உரிமையாளர் கட்ட முன்வந்தால் வரித் தொகையில் 200 சதவீத அபராதம் என்று இருப்பது உண்மை. ஆனால் 2018 செப்டம்பர் 14-இல் வந்த 64-ஆம் எண் சுற்றறிக்கை, சின்னத் தவறுகளுக்கு 129-ஐக் கையில் எடுக்க வேண்டாம் என்கிறது. பெயரில் எழுத்துப் பிழை, பின்கோடு பிழை, பில் எண்ணிலோ வண்டி எண்ணிலோ ஓரிரு இலக்கம் மாறியது போன்றவை அதில் வரும். இவற்றுக்கு 125-ஆம் பிரிவில் மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 மட்டும். ஐ.ஜி.எஸ்.டி. என்றால் 1,000.

இ-வே பில்லே இல்லாமல் போனால் இந்தச் சலுகை கிடையாது. அதிகாரி பக்கத்திலும் கெடு இருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்த 7 நாளுக்குள் நோட்டீஸ், அதிலிருந்து 7 நாளுக்குள் உத்தரவு. வரியில்லாத சரக்காக இருந்து உரிமையாளர் முன்வந்தால், சரக்கு மதிப்பில் 2 சதவீதம் அல்லது 25,000, எது குறைவோ அதுதான் அபராதம்.

2,500 ரூபாய்க்கு மேல துணிக்கு 18 சதவீதமாமே. திருபுவனம் பட்டுப் புடவைக்கு 18 சதவீதமா?

இல்லை. அந்த 2,500 ரூபாய்க் கோடு தைத்த ஆடைக்கு. புடவை தைக்காத துணி. 3,000 ரூபாய்ப் புடவைக்கும் 5 சதவீதம், 80,000 ரூபாய் கல்யாணப் பட்டுக்கும் 5 சதவீதம். அதே கடையில் 2,600 ரூபாய்க்கு ரெடிமேட் சட்டை வாங்கினால் அதற்கு 18.

சுவாமிமலை சிலை, நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் பொம்மை... இதுக்கெல்லாம் எவ்வளவு?

எல்லாம் 12-லிருந்து 5-க்கு வந்துவிட்டது. தங்கம், வெள்ளி அல்லாத உலோகச் சிலை, கையால் செய்த பஞ்சலோக விளக்கு, கையால் வரைந்த தஞ்சாவூர் ஓவியம் எல்லாவற்றுக்கும் 5. பட்டியலில் தஞ்சாவூர் பொம்மையின் பெயரே அச்சாகியிருக்கிறது. மண்ணில் செய்த சிலைக்கு வரியே இல்லை.

வெளிமாநிலத்துக்கு விற்றால் பதிவு கட்டாயம் என்று மேலே சொன்னதில் கைவினைஞர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியா முழுக்கச் சேர்த்து ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால், பெங்களூரு கண்காட்சியில் கடை போடவோ காரைக்காலுக்கு விளக்கு அனுப்பவோ நம்பர் வேண்டாம். பான் கார்டும் இ-வே பில்லும் வேண்டும். இவர்களுக்கு 50,000 வரம்பு கிடையாது, 5,000 ரூபாய்ப் பொருளுக்கும் இ-வே பில் போட வேண்டும். அச்சில் வார்த்து இயந்திரத்தில் கடைந்த பொருளைக் கைவினை என்று சொல்லி இந்த விலக்கில் நுழைக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கோயிலுக்குச் சிலை அனுப்பணும். சுங்கத்தில் பழைய சிலைன்னு நிறுத்திட்டா?

நூறு ஆண்டு பழமையான சிலையைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அப்படி. புதுச் சிலைக்கும் பழைய மெருகு கொடுப்பது சுவாமிமலையில் வழக்கம் என்பதால் சுங்க அதிகாரி சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பட்டறையில் மெழுகு உருவம், வார்ப்பு, செதுக்கும் நிலை என்று படம் எடுத்து வைத்தால் கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். அது உங்கள் பான் எண்ணேதான். வரி கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பினால் ரீஃபண்டுக்குத் தனி மனு தேவையில்லை, ஷிப்பிங் பில்லே (சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம்) மனு. ரீஃபண்ட் வராமல் எஸ்.பி.005 என்று பிழை காட்டினால், ஷிப்பிங் பில்லிலும் விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னிலும் இன்வாய்ஸ் விவரம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எண்ணில் ஒரு கோடு, ஒரு சைபர் கூடக் குறைய இருந்தாலே இது வரும்.

கோயில் மண்டபத்துக்கும் ஜி.எஸ்.டி. கேக்கிறாங்களே?

வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான, பொதுமக்கள் வழிபடும் கோயில் வளாகத்தில் மண்டப வாடகை நாளுக்கு 10,000-க்குக் கீழ் என்றால் வரி இல்லை. அறை வாடகை நாளுக்கு 1,000-க்குக் கீழ், கடை வாடகை மாதத்துக்கு 10,000-க்குக் கீழ் என்றாலும் இல்லை. அந்தத் தொகையைத் தொட்டால் 10,000-க்கும் வரி உண்டு. அர்ச்சனைக்கும் கோயில் பிரசாதத்துக்கும் வரி கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சி வர்றோம். எவ்வளவு நகை கொண்டு வரலாம்?

ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்குத்தான் நகைச் சலுகை. சுற்றுலா போய் வந்தவருக்கு இல்லை. சலுகை நகைக்கு மட்டும், காசுக்கும் கட்டிக்கும் கிடையாது. 2016 விதிகளில் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று இருந்தது, கூடவே 1 லட்சம், 50,000 என்று விலை வரம்பும் இருந்தது. கிராம் 10,000 தாண்டியபோது ஆண்களுக்கான வரம்பு 5 கிராமுக்குள் தீர்ந்துபோனது. இந்த அளவுகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும்போதே நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

மாறாத சில விஷயங்கள் உண்டு. ஒருவருடைய சலுகையை இன்னொருவரோடு சேர்த்துக் கணக்குப் போட முடியாது. "அம்மாவும் நானும் சேர்த்து" என்ற பேச்சு எடுபடாது. இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு போகும் பெண்கள், புறப்படும்போதே திருச்சி சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கினால் திரும்பும்போது தகராறு இல்லை. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னவர் வரி கட்ட இஷ்டமில்லை என்றால், பொருளை அங்கேயே வைத்துவிட்டு ஊர் திரும்பும்போது எடுத்துப்போகச் சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வரி கட்ட ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போய்ப் பிடிபட்டவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். தட்டை டி.வி. 2013 ஆகஸ்டிலேயே இலவச வரம்பிலிருந்து நீக்கப்பட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலில் போய் வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். கப்பலானாலும் விமானமானாலும் பயணிகள் சுமை விதி ஒன்றுதான்.

மாநில அதிகாரி கேட்டதுக்குப் பதில் கொடுத்தாச்சு. இப்போ மத்திய அதிகாரியும் சம்மன் அனுப்பறார். போகணுமா?

போக வேண்டும். ஒரே விஷயத்துக்கு ரெண்டு துறையும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சம்மன் அனுப்புவது நடவடிக்கையின் தொடக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. சம்மனை மதித்துப் போய், இதே ஆண்டு, இதே விஷயம் மாநிலத் துறையில் நடக்கிறது என்று எழுத்தில் கொடுத்து, நோட்டீஸ் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ரெண்டாவதாக வந்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ் என்றால் அப்போது 6-ஆம் பிரிவைப் பேசலாம்.

நோட்டீஸே வரலை. பேங்க் கணக்கை முடக்கிட்டாங்க. என்ன செய்யறது?

தபாலில் வந்திருக்காது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் வந்திருக்கும். அங்கே போட்டாலே கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆடிட்டரின் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் ஆடிட்டரை மாற்றியவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. முதல் வேலையாக உங்கள் எண்ணை ஏற்றுங்கள்.

பிறகு உத்தரவின் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு 3 மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 1 மாதம். ஒப்புக்கொண்ட வரியை முழுசாகவும், மறுக்கிற வரியில் 10 சதவீதத்தையும் கட்டினால் மீதி வசூல் நிற்கும். அந்தச் சலானை இணைத்து வங்கி முடக்கத்தை நீக்கக் கேட்டு அதே அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். 4 மாதமும் தாண்டியிருந்தால் மேல்முறையீட்டு அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றுதான் மிச்சம், அதற்கு வக்கீலைப் பாருங்கள்.